எந்தத் தலைக்கு, எந்த இடத்தில், எந்த நொடியில்

பக்கவாதம் வந்து மூன்று நான்கு மாதம் ஆனவரின் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளரை வைத்தால், பலர் பிடித்துக்கொள்வார்கள். கீழே வைக்கச் சொல்லும்போதுதான் சிக்கல். விரல் விரியாது. நல்ல கையால் அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை உருவ வேண்டியிருக்கும். நடை ஓரளவு வந்துவிட்டவருக்கும் கை மட்டும் அடம்பிடிக்கும். வீட்டில் இருப்பவர்கள் "பந்தை அழுத்து, அழுத்து" என்று ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்துவைப்பார்கள். ஏற்கெனவே மடங்கிக்கிடக்கும் கைக்கு மேலும் மடக்கப் பயிற்சி!

இதற்குக் காரணம் சோம்பலும் இல்லை, மனத்தளர்ச்சியும் இல்லை. ஒயரிங். நடப்பதற்கு மூளைத்தண்டிலும் தண்டுவடத்திலும் பழைய சுற்றுகள் இருக்கின்றன. மேலிருந்து வரும் உத்தரவு அரைகுறையாக இருந்தாலும் அவை ஒப்பேற்றிவிடும். விரல்களைத் தனித்தனியாக ஆட்ட அந்த மாதிரி மாற்று ஏற்பாடு குறைவு. மூளையின் மேற்பரப்பில் அசைவுகளை ஆளும் இயக்கப் புறணியில் கிளம்பும் நரம்பிழைகள் இன்டர்னல் காப்ஸ்யூல் என்ற இடுக்கில் நெருக்கியடித்து இறங்கி, முகுளத்தில் பெரும்பகுதி எதிர்ப்பக்கம் தாண்டி, தண்டுவடத்தில் கைக்கான நரம்பணுக்களைத் தொடுகின்றன. இதுதான் புறணி-தண்டுவடப் பாதை. மூளையின் மேற்பரப்பில் ஒரு எலுமிச்சை அளவு அடைப்பு செய்யாத சேதத்தை, அந்த இடுக்கில் ஒரு கொண்டைக்கடலை அளவு அடைப்பு செய்துவிடும். விரலை மடக்கும் தசைகளுக்காவது மூளைத்தண்டிலிருந்து இறங்கும் இன்னொரு பாதை கொஞ்சம் கைகொடுக்கிறது. நீட்டும் தசைகளுக்கு அந்த உதவி கிடைப்பதில்லை என்பதைக் குரங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. டம்ளரைப் பிடிக்க முடிந்து விட முடியாமல் போவதன் ரகசியம் பெரும்பாலும் இதுதான்.

மிச்சமிருக்கும் இழைகளை வெளியிலிருந்து தட்டி எழுப்ப முடியுமா என்பதுதான் மூளைத் தூண்டல் சிகிச்சையின் கேள்வி. 1985-ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆண்டனி பார்க்கரும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு கம்பிச்சுருளைத் தலைமேல் பிடித்து, அதற்குள் ஒரு நொடியின் பத்தாயிரத்தில் சில பங்கு நேரம் மட்டும் பெரிய மின்சாரத்தைப் பாய்ச்சினார்கள். எதிர்ப்பக்கத்துக் கை துடித்தது. தோலில் வலி இல்லை, கத்தி இல்லை. ஃபாரடே 1831-ல் கண்ட அதே தூண்டல் விதிதான். மாறும் காந்தப்புலம் மண்டையோட்டைத் தடையில்லாமல் கடந்துபோய் மூளைக்குள் மின்சாரத்தை உண்டாக்குகிறது. டிஎம்எஸ், அதாவது மண்டையோட்டுக்கு வெளியிலிருந்து காந்தத் தூண்டல், என்ற பெயரில் மருத்துவமனைகளில் இருப்பது அந்த இயந்திரத்தின் வாரிசு. அந்தக் கம்பிச்சுருளைத்தான் 'காயில்' (coil) என்கிறார்கள்; இன்றைய காயிலுக்கு 8 என்ற எண்ணின் வடிவம். இரண்டு வளையமும் சேரும் நடு இடத்துக்குக் கீழேதான் வலு அதிகம். அங்கே புலத்தின் உச்சம் ஏறக்குறைய 1.5 முதல் 2 டெஸ்லா, அதாவது ஒரு எம்ஆர்ஐ இயந்திரத்தின் அளவு.

ஒற்றைத் துடிப்பு கொடுத்தால் கை ஒருமுறை துடிக்கும், அவ்வளவுதான். தொடர்ச்சியாகக் கொடுத்தால் அந்த இடத்தின் சுறுசுறுப்பே கொஞ்ச நேரத்துக்கு மாறும். நொடிக்கு ஒன்று வீதம் கொடுத்தால் மந்தமாகும், நொடிக்கு ஐந்து பத்து என்று கொடுத்தால் விழிப்பாகும் என்பது பொதுவான சூத்திரம். 2005-ல் வந்த தீட்டா பர்ஸ்ட் முறை இதைச் சில நிமிடத்துக்குள் அடக்கியது. 50 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு ஐம்பது என்ற வீதத்தில், மூன்று துடிப்பு ஒரு கொத்து, நொடிக்கு ஐந்து கொத்து. இடைவிடாமல் 40 நொடி கொடுத்தால் 600 துடிப்பு, விளைவு மந்தம். 2 நொடி கொடுத்து 8 நொடி நிறுத்தி மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் போனால் அதே 600 துடிப்பு, விளைவு விழிப்பு. காகிதத்தில் எவ்வளவு அழகு பாருங்கள்.

பக்கவாதத்துக்கு இதை எப்படிப் பொருத்தினார்கள்? சீசா பலகைக் கதைதான் அடிப்படை. இரண்டு மூளைப் பாதிகளும் ஒன்றையொன்று அடக்கிவைக்கின்றன. ஒரு பக்கம் அடிபட்டால் நல்ல பக்கம் எதிர்ப்பில்லாமல் துள்ளி, அடிபட்ட பக்கத்தை இன்னும் அமுக்குகிறது. ஆகவே நல்ல பக்கத்தை 1 ஹெர்ட்ஸில் அடக்கு, இல்லையென்றால் அடிபட்ட பக்கத்தை வேகத் தூண்டலால் எழுப்பு. சிறு ஆய்வுகள் பலவும் ஆமோதித்தன. 2020-ல் வந்த ஐரோப்பிய நிபுணர் குழுவின் வழிகாட்டுதல், பக்கவாதத்துக்குப் பிந்தைய ஆரம்ப மாதங்களில் நல்ல பக்கத்து 1 ஹெர்ட்ஸ் தூண்டலுக்குக் கை மீட்சியில் உச்ச மதிப்பெண்ணே கொடுத்தது.

ஆனால் அதற்கு முன்பே, 2018-ல், அமெரிக்காவின் 12 மையங்களில் 199 பேரிடம் நடந்த நிச்சே என்ற ஆய்வின் முடிவு வந்திருந்தது. பக்கவாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆனவர்கள். ஆறு வாரத்தில் 18 சிட்டிங். ஒவ்வொரு சிட்டிங்கிலும் நல்ல பக்கத்தில் 1 ஹெர்ட்ஸ், கூடவே கைப்பயிற்சி. 66 மதிப்பெண் கொண்ட ஃபூகல்-மேயர் கை அளவீட்டில் 5 புள்ளியாவது ஏறியவர்கள் உண்மைத் தூண்டல் பெற்றவர்களில் 67 சதவீதம், போலித் தூண்டல் பெற்றவர்களில் 65 சதவீதம். வித்தியாசமே இல்லை என்றுதான் அர்த்தம். எல்லாரும் முன்னேறினார்கள், காயில் அதில் எதையும் கூட்டவில்லை.

இந்த முடிவைக் காட்டி "டிஎம்எஸ் வேலை செய்யாது" என்று கடையைச் சாத்துவது எளிது. எனக்கு அதில் வேறொன்று தெரிகிறது. அந்த ஆய்வில் இடம் தனித்தனியாகத்தான் குறிக்கப்பட்டது. ஒவ்வொருவரின் எம்ஆர்ஐ படத்தை வைத்து, கேமராவின் துணையோடு காயிலைப் பிடித்தார்கள். ஆனால் "இந்த நபரின் நல்ல பக்கத்தை அடக்கலாமா?" என்ற கேள்விக்கு மட்டும் எல்லாருக்கும் ஒரே பதில் இருந்தது. அளவெடுக்கும் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைத்த மாதிரி.

நலமாக இருப்பவர்களிடமே இந்தச் சூத்திரம் சீராக வேலை செய்வதில்லை என்பது 2013-லேயே தெரியும். லண்டனில் ஐம்பதுக்கும் மேற்பட்டவர்களுக்குத் தீட்டா பர்ஸ்ட் கொடுத்துப் பார்த்தபோது, சராசரியில் விளைவு என்று ஒன்றும் தேறவில்லை. சிலருக்குச் சூத்திரப்படி, சிலருக்கு நேர் எதிர், சிலருக்கு ஒன்றுமே இல்லை. யாருடைய புறணியில் எந்த இடைநரம்பணுக்கள் காயிலுக்கு முதலில் பதில் சொல்கின்றன என்பதைப் பொறுத்து அது மாறியது. ஆரோக்கியமான மூளையிலேயே இந்தக் கதை என்றால், குழிவிழுந்த மூளையில் சொல்லவா வேண்டும்?

முதலில், ஒயர் மிச்சம் இருக்கிறதா?

தனிநபருக்கேற்ற தூண்டல் என்றதும் ஏதோ கம்ப்யூட்டர் கணக்கு என்று நினைக்கத் தோன்றும். அதன் முதல் படிக்குக் கம்ப்யூட்டரே வேண்டாம். நியூசிலாந்தின் ஆக்லாந்தில் கேத்தி ஸ்டினியர் குழு உருவாக்கிய பிரெப்-2 முறையில், பக்கவாதம் வந்த மூன்றாம் நாள் படுக்கை அருகே நின்று இரண்டே அசைவுகளைப் பார்க்கிறார்கள்: தோளைப் பக்கவாட்டில் தூக்குவது, விரல்களை நீட்டுவது. ஒவ்வொன்றுக்கும் தசைவலு மதிப்பெண் 0 முதல் 5. கூட்டினால் பத்துக்கு எவ்வளவு. ஐந்தோ அதற்கு மேலோ இருந்து வயது எண்பதுக்குள் என்றால், மூன்று மாதத்தில் கை மிக நன்றாக வரும் என்று எதிர்பார்க்கலாம். காயிலைத் தொடவே வேண்டாம். ஐந்துக்குக் கீழே என்றால்தான் அந்த முதல் வாரத்துக்குள் டிஎம்எஸ். இங்கே அது மருந்து இல்லை, டெஸ்டர். வீட்டில் ஸ்விட்ச் போட்டும் விளக்கு எரியவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் முதலில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பாரே, அப்படி. புறணியைத் தட்டினால் கைத் தசையில் மின்சமிக்ஞை வருகிறதா? வந்தால், வெளியில் ஒரு அசைவும் இல்லாவிட்டாலும் பாதை முழுதாக அறுந்துபோகவில்லை, கை நல்ல அளவுக்குத் திரும்ப வாய்ப்பு இருக்கிறது. வராவிட்டால் பக்கவாதத்தின் ஒட்டுமொத்தத் தீவிரத்தை வைத்து, மீட்சி கொஞ்சமா, மிகக் குறைவா என்று பிரிக்கிறார்கள். நாலில் மூன்று பேருக்கு இந்தக் கணிப்பு சரியாக அமைகிறது.

தசையில் வரும் அந்தச் சமிக்ஞைக்கு எம்இபி என்று பெயர். இந்தத் துறையில் எந்த உரையாடலும் கடைசியில் அதில்தான் வந்து நிற்கும். எவரெஸ்ட் என்ற அமெரிக்க ஆய்வு நல்ல உதாரணம். 164 பேர். தூண்டல் குழுவினருக்கு மண்டையோட்டைத் திறந்து மூளை உறைக்கு மேல் மின்முனை வைத்துத் தூண்டினார்கள். மொத்தக் கணக்கில் தோல்வி. பிறகு தரவைத் திரும்பப் புரட்டியபோது, மின்முனையைத் தட்டினால் கை அசைந்த சிலரிடம் மட்டும் முன்னேற்றம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. பின்னோக்கிப் பார்த்துக் கண்டதைச் சாட்சியாக வைக்கக் கூடாதுதான். ஆனாலும் அது சுட்டிய திசை சரி.

சீசா கதையும் இங்கேதான் பிளக்கிறது. பாதை ஓரளவு மிஞ்சியவருக்கு நல்ல பக்கம் தொல்லையாக இருக்கலாம். பாதை பெரும்பாலும் போனவருக்கு அந்த நல்ல பக்கம்தான் தோளையும் முழங்கையையும் தாங்கிப்பிடித்துக்கொண்டிருக்கும். 2012-ல் ஆக்லாந்தில் ஒரு சிறு ஆய்வில் நல்ல பக்கத்தை மின்சாரத்தால் அடக்கியபோது, லேசான பாதிப்பு உள்ளவர்களுக்குக் கைக்கட்டுப்பாடு மேம்பட்டது, கடுமையான பாதிப்பு உள்ளவர்களுக்கு மோசமானது. ஒரே சிகிச்சை, ஒருவருக்கு ஊன்றுகோல், இன்னொருவருக்கு இருந்த ஊன்றுகோலையும் பிடுங்குவது. ஆய்வுகளின் சராசரி பூஜ்யத்தில் வந்து நின்றதில் ஆச்சரியம் என்ன?

இடம் பிடிப்பது

பாதை இருக்கிறது என்று தெரிந்த பிறகு, எங்கே தூண்டுவது, எவ்வளவு வலுவில் என்ற கேள்வி. கேட்க அலுப்பாக இருக்கும். ஆனால் பாதித் தவறுகள் இந்த அரைமணி நேரத்தில்தான் நடக்கின்றன.

கையில் தொடங்க வேண்டும். கட்டைவிரலை ஆள்காட்டி விரலின் பக்கவாட்டில் அழுத்தினால், புறங்கையில் இரண்டுக்கும் நடுவே ஒரு மேடு எழும். அந்தத் தசையின் வயிற்றில் ஒரு மின்முனை, ஆள்காட்டி விரலின் கணுவில் இன்னொன்று, மணிக்கட்டு எலும்பில் எர்த். ஒட்டும் முன் தோலை ஸ்பிரிட்டால் துடைத்து லேசாகச் சுரண்ட வேண்டும். விரல் நீட்டுவதுதான் பிரச்சினை என்றால் முன்கையின் பின்பக்கத்து நீட்டும் தசையிலும் ஒரு ஜோடி ஒட்டுவது நல்லது. பலரும் சோம்பலில் விட்டுவிடுகிறார்கள். திரையில் கோடு தட்டையாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தெரிந்தால் பெரும்பாலும் எர்த் கழன்றிருக்கும், அல்லது அடாப்டர் எதுவோ பக்கத்தில் கிடக்கும்.

அடுத்து தலை. மூக்கின் வேரிலிருந்து பின்மண்டை முகடு வரை டேப்பால் அளந்து பாதியில் ஒரு புள்ளி. காதுக்குக் காது அளந்து பாதியில் ஒரு புள்ளி. இரண்டும் சந்திப்பது உச்சி. காதுக்குக் காது 36 சென்டிமீட்டர் என்றால் அதில் 20 சதவீதம், அதாவது உச்சியிலிருந்து பக்கவாட்டில் 7.2 சென்டிமீட்டர் இறங்கினால் கைப்பகுதியின் சுற்றுவட்டாரம். எம்ஆர்ஐ படத்தில் கைக்கான இடம் கவிழ்த்த ஒமேகா எழுத்து மாதிரி, ஒரு லாடம் போலத் தெரியும். நேவிகேஷன் கருவி இருந்தால், நெற்றியில் ஒட்டிய குறிகளை அகச்சிவப்புக் கேமரா பார்த்து, காயில் அந்த லாடத்தின் மேல் எந்தக் கோணத்தில் நிற்கிறது என்று திரையில் காட்டும். நெற்றிப்பட்டை வியர்வையில் அரை சென்டிமீட்டர் நழுவினால் திரை நழுவலைக் காட்டாது. எல்லாம் சரியாக இருப்பதுபோலவே பொய் சொல்லும். அதனால் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை மூக்கு, காது அடையாளப் புள்ளிகளைத் தொட்டுச் சரிபார்க்க வேண்டும்.

காயிலை நடுக்கோட்டுக்கு 45 டிகிரி சாய்த்து, கைப்பிடி பின்னோக்கி இருக்க, தலையைத் தொட்டபடி பிடிக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் முன்னும் பின்னும் நகர்த்தி, எங்கே எம்இபி பெரிதாகவும் சீராகவும் வருகிறதோ அங்கே நிறுத்த வேண்டும். பிறகு தூண்டலின் வலுவைக் குறைத்துக்கொண்டே வந்து, பத்துத் துடிப்பில் ஐந்துக்காவது 50 மைக்ரோவோல்ட் தாண்டும் மிகக் குறைந்த அளவைப் பிடிக்க வேண்டும். அதுதான் ஓய்வு நிலைத் த்ரெஷோல்டு. சிகிச்சை அளவு அதன் சதவீதமாகத்தான் எழுதப்படும். கை நிஜமாகவே ஓய்வில் இருந்தால்தான் இது செல்லுபடியாகும். பக்கவாதக் கையின் இறுக்கம் காரணமாகத் தசையில் எப்போதும் ஒரு சலசலப்பு இருந்துகொண்டே இருக்கும். கவனிக்காமல் அளந்தால் த்ரெஷோல்டு குறைவாகக் காட்டும். அதை நம்பிக் கொடுக்கும் சிகிச்சை முழுக்கப் போதாத அளவாகிவிடும். முன்கையைத் தலையணையில் வைத்து, மணிக்கட்டைத் தளர்த்தி, திரையில் கோடு அடங்கும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அடிபட்ட பக்கத்தில் இன்னும் சில வம்புகள். திசு சுருங்கியிருந்தால் புறணிக்கும் காயிலுக்கும் தூரம் கூடும், புலம் தூரத்தோடு மளமளவென்று சரியும். அடைப்பு விட்டுச்சென்ற குழியில் மூளைத்தண்டுவட நீர் நிரம்பியிருக்கும். அது மூளைத் திசுவைவிடப் பல மடங்கு நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதால், நாம் நினைத்த பாதையில் போகாமல் மின்சாரம் குழியோரமாகத் திரும்பும். கைக்கான இடமே பழைய இடத்திலிருந்து நகர்ந்திருக்கவும் கூடும். இயந்திரத்தின் நூறு சதவீத வலுவிலும் சமிக்ஞை இல்லை என்றால் உடனே "பாதை இல்லை" என்று எழுதிவிடக் கூடாது. தலையணையை இரு கைகளாலும் நெஞ்சோடு அணைக்கச் சொல்லி, அந்த முயற்சியின் போது தட்டிப் பார்க்க வேண்டும். ஓய்வில் வராதது அப்போது வருவதுண்டு.

நொடியைப் பிடிப்பது

இனி வருவதுதான் புதிய பகுதி. ஒரே இடத்தில், ஒரே வலுவில், ஐந்து நொடிக்கு ஒன்றாகத் தட்டினாலும் எம்இபி ஒரே அளவாக வராது. ஒன்று 80 மைக்ரோவோல்ட், அடுத்தது 900, அதற்கடுத்தது ஒன்றுமே இல்லை. காயில் அசையவில்லை. அசைந்தது மூளை. புறணி ஒரு நொடிக்குள்ளேயே பல தடவை திறந்து மூடுகிறது. கதவு மூடியிருக்கும்போது தட்டிய தட்டெல்லாம் வீண் என்றால், திறந்திருக்கும் கணத்தை, மூளையின் மின்னலைகளைத் தலைத்தோலிலிருந்து பதியும் இஇஜியில் பார்த்து அப்போது மட்டும் தட்டலாமே?

ஜெர்மனியின் டூபிங்கனில் கிறிஸ்டோஃப் ஸ்ரென்னரும் உல்ஃப் ஸீமானும் இதைத்தான் செய்தார்கள். கை ஓய்வில் இருக்கும்போது இயக்கப் புறணி மேல் மியூ என்ற அலை ஓடும், நொடிக்கு 8 முதல் 13 சுற்று. அலையின் பள்ளத்தில் கதவு திறக்கிறது என்பது கணிப்பு. 2018-ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில், மூன்று மூன்றாக ஒரே மாதிரித் துடிப்புகளைப் பள்ளத்தில் கொடுத்தபோது எம்இபி வளர்ந்தது, முகட்டிலோ கண்டபடியோ கொடுத்தபோது வளரவில்லை. அலையின் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 100 மில்லிநொடிதான் ஆயுள். இஇஜி பெருக்கியிலும் வடிகட்டலிலும் கணக்கிலும் சேர்த்து 20 மில்லிநொடி தாமதமானால் 72 டிகிரி தள்ளிப்போய்விடும், பள்ளத்தைக் குறிவைத்தவர் ஏற்றத்தில் நிற்பார். அதனால் கருவி நடப்பதைப் பார்த்துத் தட்டுவதில்லை. கடந்த சில நூறு மில்லிநொடிகளை வைத்து, அடுத்த பள்ளம் எங்கே வரும் என்று ஊகித்துத் தட்டுகிறது.

அடுத்த ஆண்டே கோபன்ஹேகன் குழு "பள்ளம், முகடு என்ற வித்தியாசமே எங்களுக்குத் தெரியவில்லை" என்று எழுதியது. டூபிங்கன் ஆய்வில் மியூ அலை நன்றாகத் தெரிந்தவர்களையே தேர்ந்தெடுத்திருந்தார்கள் என்பதை மறக்கக் கூடாது. எல்லாருக்கும் அந்த அலை பளிச்சென்று இருப்பதில்லை. அடிபட்ட பக்கத்தில் அது மங்கியிருக்கும், பல சமயம் மெதுவான அலைகளுக்கு அடியில் புதைந்திருக்கும். ஆக, எல்லாருக்கும் பள்ளம் என்பதும் இன்னொரு ஒரே-அளவுச் சட்டைதான்.

டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஆஸ்டின் வளாகத்தில் சாரா ஹுசைன் குழு எடுத்த வழி வேறு. எந்த அலை, எந்தக் கட்டம் என்று முன்கூட்டி முடிவு செய்யாமல், ஒருவருக்கு ஓய்வில் நிறையத் தடவை தட்டி, ஒவ்வொரு தட்டுக்கும் சற்று முன் தலை முழுவதும் இஇஜி எப்படி இருந்தது, எம்இபி பெரிதா சிறிதா என்று பதிவுசெய்கிறார்கள். கம்ப்யூட்டர் அந்த ஒருவரின் "திறந்த கதவு" முகத்தைக் கற்றுக்கொள்கிறது. பிறகு அந்த முகம் தெரியும்போது மட்டும் காயில் தட்டும். ஒருவருக்காகக் கம்ப்யூட்டர் கற்ற மாடல் அவருக்கு மட்டும்தான். பக்கவாதத்தால் கை பலவீனமானவர்களின் மிச்சப் பாதையை வலுவாகத் தட்டுவதுதான் இலக்கு.

கேட்க நன்றாக இருக்கிறது. கோட்டை விடும் இடங்களும் உண்டு. நோயாளி பல்லைக் கடித்தால் தாடைத் தசையின் மின்சாரம் இஇஜியில் கொட்டும், கூடவே எம்இபியும் பெரிதாகும். கம்ப்யூட்டர் மூளையைக் கற்றதாக நாம் நினைப்போம், அது கற்றது பல் கடிப்பதை. அமர்வு நீள நீள நோயாளிக்குத் தூக்கம் வரும், காயில் மெல்ல இறங்கும், எம்இபி சிறுக்கும். அப்போது கம்ப்யூட்டர் கற்பது "தொடக்கமா, கடைசியா" என்ற நேரத்தை. இதைத் தடுக்க எம்இபியைச் சுற்றியுள்ள துடிப்புகளோடு ஒப்பிட்டுப் பெரிது சிறிது பிரிக்க வேண்டும். சோதனைக்கான துடிப்புகளைக் கலைத்துப்போட்டு எடுக்காமல், தனி நேரத் துண்டாக ஒதுக்க வேண்டும். தட்டுகளுக்கு இடைவெளி ஒரே சீராக இருந்தால் நோயாளி எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார், அதனால் மூன்று முதல் ஐந்து நொடிக்குள் மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். ஒரு மாடல் 90 சதவீதம் துல்லியம் என்று காட்டினால் மகிழ்வதைவிடச் சந்தேகப்படுவதே என் வழக்கம்.

இன்னொரு பெரிய ஓட்டை வெளிப்படையானது. எம்இபியே வராதவருக்கு இந்த முறையில் கற்க ஒன்றும் இல்லை. உதவி அதிகம் தேவைப்படுபவர் வாசலிலேயே நிற்கிறார்.

தட்டுவது மட்டும் போதுமா

காயில் செய்வது ஒரு கொஞ்ச நேரத் திறப்பு. அந்த நேரத்துக்குள் கை வேலை செய்யாவிட்டால் புறணி கற்க எதுவுமில்லை. 2009-ல் வெளியான ஒரு ஆய்வில் மறுவாழ்வு சிகிச்சை அமர்வுகளை எண்ணிப் பார்த்தார்கள். பயனுள்ள கைவேலை அசைவு சராசரியாக ஒரு அமர்வில் 32 தடவை. விலங்கு ஆய்வுகளில் மூளை மாறுவதற்கு நாளுக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்பட்டது. தூண்டல் முடிந்ததும் நோயாளியை வீல்சேரில் உட்காரவைத்து ஆட்டோவுக்குக் காத்திருக்கவிட்டால் கொடுத்த காசு காற்றோடு போயிற்று. பயிற்சி என்றால் பந்து அழுத்துவது இல்லை. 2.5 சென்டிமீட்டர் மரக்கட்டையை எடுத்து, தடுப்பைத் தாண்டி, விடுவது. விடுவதுதான் பாடம்.

அசைவையும் தூண்டலையும் நொடிக்கணக்கில் கட்டிப்போட்டு வென்ற முறை ஒன்று இருக்கிறது, ஆனால் அது காயில் இல்லை. கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்பில் மின்முனை வைத்து, நோயாளி கையை நீட்டும் அதே கணத்தில் தெரபிஸ்ட் பொத்தானை அழுத்த, 0.8 மில்லிஆம்பியர், 30 ஹெர்ட்ஸ், அரை நொடி. 2021-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வில் 108 பேர். மருத்துவமனையில் ஆறு வாரம் முடிந்ததும் ஃபூகல்-மேயர் ஏற்றம் தூண்டல் குழுவில் 5 புள்ளி, மற்றவர்களில் 2.4. அந்த ஆண்டே அமெரிக்காவின் மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அனுமதித்தது. அறுவை சிகிச்சை வேண்டும் என்பது அதன் விலை. சிறுமூளைக் கருவில் மின்முனை வைத்த கிளீவ்லாந்து கிளினிக் ஆய்வு 2023-ல் வந்தது, 12 பேர்தான். அதிலும் தொடக்கத்தில் விரலில் கொஞ்சம் அசைவு மிச்சமிருந்தவர்களுக்கே லாபம் அதிகம். திரும்பத் திரும்ப அதே பாட்டு, மிச்சம் எவ்வளவு என்பதே முதல் கேள்வி.

ஈர ஸ்பாஞ்சு வைத்து 1, 2 மில்லிஆம்பியர் மின்சாரம் கொடுக்கும் டிடிசிஎஸ் பற்றி நீட்ட வேண்டாம். மலிவு, எளிது. மூளையில் போய்ச் சேர்வது மீட்டருக்கு ஒரு வோல்ட்டுக்கும் குறைவு. 4 மில்லிஆம்பியர் வரை ஏற்றிப் பார்த்த ட்ரான்ஸ்போர்ட்-2 ஆய்விலும் போலித் தூண்டலைவிடக் கூடுதல் பலன் இல்லை. ஆன்லைனில் விற்கும் கிட்டை வாங்கி வீட்டில் அப்பாவின் தலையில் கட்டுவது வேண்டவே வேண்டாம். ஸ்பாஞ்சு காய்ந்தால் தோல் வெந்துபோகும்.

போவதற்கு முன்

"காந்தச் சிகிச்சை, பத்து சிட்டிங்" என்று யாராவது பேக்கேஜ் சொன்னால் கேட்க வேண்டியவை அதிகமில்லை. எம்இபி பார்த்தீர்களா, வந்ததா? எந்தப் பக்கத்தைத் தூண்டப் போகிறீர்கள், எதனால்? த்ரெஷோல்டை முதல் நாள் மட்டும் அளப்பீர்களா, ஒவ்வொரு நாளுமா? தூண்டல் முடிந்து எத்தனை நிமிடத்தில் கைப்பயிற்சி? தொடக்கத்தில் ஃபூகல்-மேயரோ வேறு மதிப்பெண்ணோ எழுதிவைத்தீர்களா? இதற்கெல்லாம் "அதெல்லாம் மெஷினே பார்த்துக்கும்" என்று பதில் வந்தால் செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், மூளை நீரை வடிக்க வைத்த, காந்தத்தால் அளவு மாற்றும் ஷன்ட் குழாய் எதுவானாலும் முதலிலேயே சொல்ல வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியும் எம்ஆர்ஐ சிடியும் கையில் இருக்கட்டும். பக்கவாதத்துக்குப் பிறகு ஒருமுறையாவது வலிப்பு வந்திருந்தால் மறைக்கக் கூடாது. தூண்டலால் வலிப்பு வருவது அபூர்வம்தான், ஆனால் அடிபட்ட மூளையில் அந்த வாய்ப்பு கூடும். முந்தைய இரவு தூங்காமல் வந்தாலும் கூடும். மருந்துச் சீட்டைக் கட்டாயம் காட்ட வேண்டும். ஃபெனிடாயின், கார்பமசபின் த்ரெஷோல்டை ஏற்றிவிடும். குளோனசபாம் மாதிரியான தூக்க மாத்திரைகள் மூளையின் கற்கும் திறனையே மழுங்கடிக்கும். ஆஸ்துமாவுக்குக் கொடுக்கும் தியோஃபிலின் வலிப்பு வாய்ப்பைக் கூட்டும். அதற்காக வலிப்பு மாத்திரையைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து. மாற்றுவதா வேண்டாமா என்று நரம்பியல் டாக்டர்தான் சொல்ல வேண்டும். காயில் தட்டும் சத்தம் பக்கத்தில் பட்டாசு மாதிரி இருக்கும், காதில் அடைப்பான் இல்லாமல் உட்காரக் கூடாது. நெற்றியும் தாடையும் துடிப்பது இயல்பு.

இஇஜி கேப் போடப்போகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரி தலைக்கு எண்ணெய் வைக்க வேண்டாம். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ, தோலில் படலமாக நின்றால் ஜெல் பிடிக்காது, மின்தடை இறங்காது. 64 புள்ளிகளை ஒவ்வொன்றாகச் சுரண்டிச் சரிசெய்வதற்குள் ஒரு மணி நேரம் ஓடி, அளவெடுக்கும்போது நோயாளி தூங்கி வழிவார். காலையில் ஷாம்பூ போட்டு அலசி, கண்டிஷனர் இல்லாமல், நன்றாக உலர்த்திவிட்டு வந்தால் போதும். கேப்பைக் கழற்றியதும் ஜெல் காயும் முன் வெதுவெதுப்பான தண்ணீரில் அலசிவிட்டால் முடியில் ஒட்டாது.